அம்மா கலந்த மருந்து

சின்ன வயதில் அவளுக்கு வீட்டிலும் பள்ளியிலும் ஒரே பெயர்தான்: நோஞ்சான். எப்போது பார்த்தாலும் வாந்தி, வயிற்றுவலி, சுருண்ட படுக்கை. அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குவாள். நர்சுகள் எழுந்து நாற்காலி கொடுப்பார்கள். "தாய்னா இவங்கதான் தாய்" என்று பக்கத்துப் படுக்கைக்காரர்கள் உருகுவார்கள். வீட்டில் சிடுசிடுவென்று இருக்கும் அம்மா, மருந்து வாடை அடிக்கும் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் மட்டும் முகம் மலர்ந்து நிற்பாள். நோஞ்சானுக்கு அது விசித்திரமாகத்தான் பட்டது. அதற்கு மேல் யோசிக்கிற வயதில்லை.

ஒருமுறை அம்மா மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். நோஞ்சானைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். அவசரத்தில் அம்மா தினமும் அவளுக்குக் கொடுக்கும் டானிக்கை எடுத்துவைக்க எல்லோருமே மறந்துபோனார்கள். முதலில் பயந்து பயந்து சாப்பிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் பெரியம்மா பிள்ளைகளோடு போட்டி போட்டுத் தின்றாள், தெருவில் ஓடினாள், கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியது. வீடு திரும்பிய அன்றே மறுபடி குடலைப் பிடுங்கும் வாந்தி.

அதிலிருந்து அம்மாவைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். ஒருநாள் சமையலறைக் கதவிடுக்கு வழியாகத் தெரிந்தது. அம்மா அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து, டானிக்கில் எதையோ சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினாள்.

அப்பாவிடம் ஓடினாள். "வாயக் கழுவு! உனக்காக அவ சோறு தண்ணி இல்லாம அலையறா" என்றார் அப்பா. அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. டானிக்கை வாயில் அடக்கிவைத்துப் போய்த் துப்பக் கற்றுக்கொண்டாள். வாந்தி நின்றது. அம்மா அதற்காகச் சந்தோஷப்படவில்லை. "இப்ப இவளுக்குத் தலைசுத்தல், டாக்டர்" என்று வேறு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

துணிக்கடை ஒன்றில் துணி வெட்டும் வேலை கிடைத்ததும் நோஞ்சான் வீட்டை விட்டு வெளியேறினாள். பஸ் டிரைவர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். டானிக் விஷயத்தைப் பற்றி அவரிடமும் மூச்சு விடவில்லை.

பெண் குழந்தை பிறந்தபோது அம்மா பெட்டியும் கையுமாக வந்து இறங்கினாள்.

"பாப்பாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குதேடி."

"இல்லம்மா. நல்லாத் தூங்குது."

"உனக்கென்ன தெரியும்? நான் உன்னையே வளத்து ஆளாக்கினவ."

நோஞ்சான் குளிக்கப் போனால்கூடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். குழந்தைக்கென்று அம்மா ஆறவைத்த வெந்நீரை இவள் சத்தமில்லாமல் கீழே ஊற்றினாள். "உங்கம்மா வந்திருக்காங்களா, திருடி வந்திருக்காளா?" என்று டிரைவர் கேலி செய்தார். கடைசியில் அம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினாள்.

சந்தேகம் மட்டும் கிளம்பவில்லை. குழந்தை தவழும் பருவத்தில் ஒருநாள் அதன் உடம்பு சுட்டது, விடாமல் அழுதது. நோஞ்சான் செருப்பை மாட்டினாள், கழற்றினாள். இது நிஜமான காய்ச்சல்தானா? இல்லை, தன் காலும் அம்மா கால் மாதிரி ஆஸ்பத்திரிக்குத் துடிக்கிறதா? அன்றைக்குப் போகவில்லை. மறுநாள் வேலை முடிந்து வந்த டிரைவர் குழந்தையைத் தொட்டதும் பதறினார். "கொதிக்குதே! ஏன் காட்டல?"

அவள் உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "கிளம்பு" என்றார்.

"காதுல சீழ் கட்டியிருக்கு. நேத்தே வந்திருக்கலாமேம்மா" என்றாள் டாக்டரம்மா.

"எங்கம்மா எனக்கு வியாதிய வரவச்சாங்க டாக்டர். நானும் அப்படி ஆயிட்டேனான்னு பயமா இருக்கு."

டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நிஜ வியாதியா இல்லையாங்கறத நான் பாத்துக்கறேன். நீங்க இவளக் காக்க வைக்காம கூட்டிட்டு வாங்க."

சேதி கேட்டு அம்மா போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு உற்சாகம். "எந்த ஆஸ்பத்திரிடி? பெரிய டாக்டரா? நான் இப்பவே வரேன்."

"வேண்டாம்மா. இனிமே பாப்பாவ உன்கிட்டத் தனியா விடமாட்டேன். ஏன்னு உனக்கே தெரியும்."

அம்மா மெதுவாகச் சொன்னாள்: "உனக்கு உடம்பு சரியில்லடி."

மகளுக்குப் பிரசவத்தோடு புத்தி பேதலித்துவிட்டதாகச் சொந்தக்காரர்களிடமெல்லாம் இப்போது அழுதுகொண்டிருக்கிறாளாம். நல்ல டாக்டராக விசாரிக்கிறாளாம்.

குழந்தையின் காது ஆறிவிட்டது. ஆனாலும் அது இருமும்போதெல்லாம் நோஞ்சான் முதலில் கணவனைத்தான் கூப்பிடுகிறாள். "நீங்க கொஞ்சம் கேளுங்க. நிஜமாவே இருமுறாளா?"