மேய்ச்சல் தரையில் நான் மூடிய புள்ளிகள்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஸ்டூடியோ வைத்தேன். இருட்டறைக்குக் கதவு செய்ததும், படம் பெருப்பிக்கும் இயந்திரத்தைப் பழைய தையல் மெசினின் காலில் நிறுத்தியதும் இந்தக் கைகள்தான். ஆள் உயரப் படம் வேண்டுமென்றால் வெள்ளவத்தையிலிருந்தும் என்னைத் தேடி பஸ் ஏறி வந்தார்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கூச்சப்பட வேறொன்று இருக்கிறது.

வெள்ளவத்தையில் குடியிருந்த அரசாங்க அதிகாரி ஒருவர், விமானத்திலிருந்து எடுத்த பிலிம் சுருளோடு வந்தார். கிழக்கே ஒரு மேய்ச்சல் தரை. மனிதரும் மாடும் எங்கே நடமாடுகிறார்கள், எங்கே புல் தேய்ந்திருக்கிறது என்று படத்தைப் பார்த்தே வரைபடம் கீறப்போகிறாராம்.

“படம் சுத்தமா வரவேணும், முதலாளி.”

“ஐயா, என்ர கையால போன பொம்பிளைப் படத்தில அம்மைத்தழும்பைக் கண்டவன் இல்லை. தாலி கட்டின பிறகுதான் மாப்பிள்ளைக்கே தெரியும்.”

சிரித்துக்கொண்டே போனார்.

படங்களைக் கழுவிக் காயவைத்தபோது, சாம்பல் நிறப் புல்வெளியெங்கும் வெள்ளைப் புள்ளிகளும் நூல் போன்ற கோடுகளும் இருந்தன. பிலிமில் தூசி ஒட்டினால் படத்தில் அப்படித்தான் வெள்ளையாக விழும். எந்த ஸ்டூடியோக்காரனும் அதை அப்படியே கொடுக்கமாட்டான். மெல்லிய தூரிகையில் மை தொட்டு, ஒன்பது நாள் குனிந்திருந்து எல்லாவற்றையும் மூடினேன். பிறகு படத் துண்டுகளை ஒரே படமாகப் பொருத்திப் பலகையில் ஒட்டினேன். அதிகாரி வாய்விட்டுப் புகழ்ந்தார்.

அதைப் பார்த்து அவர் கீறிய வரைபடம், அந்தத் தரையில் ஆள் புழக்கமே இல்லை என்றது. சும்மா கிடக்கிற நிலம்தானே என்று பயிர்ச்செய்கைக்கு வேலியடித்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் அதிகாரி ஒரு மாட்டுக்காரரைக் கூட்டிவந்தார். மேய்ச்சலை இழந்து, முறையிடக் கொழும்புக்கு வந்த மனிதர். என்னிடமிருந்த பிரதியை விரித்தேன். ஆற்று வளைவிலிருந்து விரலை நகர்த்திக்கொண்டு போனவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

“என்ட பட்டி இதிலதான் கிடக்கணும், முதலாளி. மாடு படுத்துப் படுத்து ஒரு புல்லும் முளைக்காத வெள்ளை மண். எங்க அது? மாடு தண்ணிக்குப் போற தடமெங்க?”

தூசியென்று நான் மை வைத்து மூடிய இடம் அது. அதிகாரி என்னைப் பார்த்தார்.

“இதில ஏதும் கை வைச்சனீங்களோ?”

“என்ர வேலையில பிழை வராது, ஐயா.”

“அப்ப நாங்கதான் பொய் சொல்றம்,” என்று மாட்டுக்காரர் எழுந்தார்.

பிலிம் சுருள் அப்போதும் அதிகாரி வேலை செய்த கந்தோரில் பத்திரமாகத்தான் இருந்தது. நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அதை எடுத்துப் பார்த்திருப்பார்கள். சொல்லவில்லை. மாட்டுக்காரர் மந்தையை விற்றுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அதிகாரி இப்போது உயிரோடு இல்லை. வரைபடத்தின் மூலையில் அவர் பெயர் மட்டும் இருக்கிறது. பிழை முழுவதும் அவருடையதென்று கதைக்கிறார்கள். அது நியாயமில்லை. அந்தப் படத்தில் ஒட்டு எங்கே இருக்கிறதென்று இன்றைக்கும் ஒருவராலும் காட்ட முடியாது. அது என் வேலை. பட்டிகளையும் தடங்களையும் மூடியதும் என் வேலைதான். இதைக் கேட்க வந்த நீங்கள் இரண்டையும் எழுதி, அவர் பெயருக்குக் கீழே என் பெயரைப் போடுங்கள்.