பழைய அளவில் வெட்டிய சட்டை

உள்ளறையில் ‘டர்’ரென்று துணி கிழியும் சத்தம். தையல்காரியின் கால் மிஷின் மிதியில் அப்படியே நின்றது. ஊருக்கெல்லாம் நாடா பிடித்து அளவெடுப்பவள், பெற்ற மகளுக்கு மட்டும் மனதிலிருந்த பழைய அளவிலேயே சட்டையை வெட்டியிருந்தாள்!

“தோள்பட்டை போச்சும்மா! இப்பப் போய் மேடையில எப்படிப் பேசுவேன்?” பதின்மூன்று வயது மகள் கண்ணைக் கசக்கினாள்.

“நேத்துதான் இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சேன். அதுக்குள்ள எப்படிடி வளர்ந்தே?”

“நேத்தா? நல்லா வெச்சிருக்கே கணக்கு!”

தாய் நாடாவை எடுத்தாள். தோள், கை, எல்லாம் தன் அளவேதான்! அலமாரியிலிருந்த தன் நீலச் சட்டையை மாட்டிவிட்டாள். கச்சிதமாகப் பொருந்தியது. தாயின் கண் நிறைந்தது. ஆனால் காலையில்தான் மகள், “நீ பேச்சுப்போட்டிக்கு வராதேம்மா, கூச்சமா இருக்கு” என்று கறாராகச் சொல்லியிருந்தாள்.

கூட்டிப்போக வந்த தோழி வாசலில் நின்றாள். “கிளம்பலாமாடி?”

கண்ணாடியில் தன்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்த மகள் சிரித்துவிட்டாள்.

“நீ முன்னாடி போடி. அம்மாவுக்கு முன்வரிசையில இடம் பிடிச்சு வை. அவங்க சட்டையைப் போட்டுட்டு அவங்களை விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?”

தோழி ஓடினாள். தாய் பரபரவென்று கதவைச் சாத்தினாள். அவளும் உடை மாற்ற வேண்டுமே!