டிராக்டரைச் சரிசெய்தது அம்மா

டெக்சாஸில் எங்கள் சர்ச்சுக்கு வரும் டாக்டர் அங்கிள், ஊருக்கு வெளியே நிலம் வாங்கியதோடு நிற்காமல் பழைய டிராக்டர் ஒன்றையும் வாங்கியிருந்தார். ஓட்டத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அதன் ஹைட்ராலிக் எண்ணெய் கொதிக்கும். அந்த எண்ணெயின் அழுத்தத்தில் தூக்கப்படும் முன்பக்க மண்வாளி எழும்ப மறுக்கும். 2005 கோடையில் நாங்கள் அங்கே சாப்பிடப் போயிருந்த அன்று, ரிப்பேர் கடைக்காரரும் வந்திருந்தார். பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார் அந்த வெள்ளைக்காரர்.

அம்மா சென்னையில் ஒரு டிராக்டர் தொழிற்சாலையில் ஹைட்ராலிக்கைச் சோதிக்கும் இன்ஜினீயராக இருந்தவள். "பம்ப்பா இருக்காது அண்ணா. எண்ணெய் எங்கயோ முட்டிக்கிட்டே சுத்துது" என்றாள்.

டாக்டர் அங்கிள் சிரித்தார். "சிஸ்டர், நீங்க பிரியாணிய பாருங்க. டிராக்டர நாங்க பாத்துக்கறோம்."

கம்ப்யூட்டரைத் தவிர வேறெதையும் திறந்து பார்த்திராத அப்பாவும், அந்த 'நாங்க'வில் தன்னைச் சேர்த்துக்கொண்டு தலையாட்டினார். ஒன்பது வயது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா நகரவில்லை. தொடாமல், புறங்கையை ஒவ்வொரு குழாயின் அருகிலும் கொண்டுபோனாள். ஓரிடத்தில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பின்பக்கக் கருவிகளுக்கு எண்ணெய் அனுப்பும் லீவர், கம்பி வளைந்து, நடுநிலைக்குத் திரும்பாமல் நின்றிருந்தது. போக வழியில்லாத எண்ணெய், அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வின் வழியே பிதுங்கி ஓடி ஓடியே சூடேறியிருக்கிறது. இன்ஜினை நிறுத்தச் சொல்லி, கம்பியை நிமிர்த்தினாள். அதன்பின் வெகுநேரம் ஓட்டியும் வாளி சொன்னபடி கேட்டது.

கடைக்காரர் தொப்பியைக் கழற்றினார். எங்கள் கடைக்கு வேலைக்கு வருகிறீர்களா என்று அம்மாவிடமே கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"நோ, தேங்க் யூ" என்றாள் அம்மா.

மறுநாள் சர்ச் வாசலில் டாக்டர் அங்கிள், "நம்ம பிரதர் வந்து டிராக்டர ஃபிக்ஸ் பண்ணிட்டார்!" என்று எல்லோர் முன்னாலும் அப்பாவின் முதுகில் தட்டினார். அப்பா மறுக்கவில்லை.

"நோ! அம்மா ஃபிக்ஸ்டு இட்!" என்று கத்தினேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். "வெளிய சொல்லாதடி."

காரில் நான் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினேன். ஏன் அந்த வேலை வேண்டாம் என்றாய்? ஏன் பொய்யைக் கேட்டுக்கொண்டு நின்றாய்? அம்மா ஃப்ரீவேயைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பயந்தாங்கொள்ளி என்று தீர்மானித்துக்கொண்டேன்.

பின்னாளில்தான் தெரிந்தது: கணவனின் வேலை விசாவோடு ஒட்டி வந்த மனைவி இந்த நாட்டில் சம்பளத்துக்கு ஒரு திருகாணியைக்கூட முடுக்கக் கூடாதாம். அந்த வருடங்களில் அதுதான் சட்டம். அப்பாவுக்குத் தெரியும், டாக்டர் அங்கிளுக்கும் தெரியும். அது தெரியாமல் அம்மாவைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.