குப்பிக்குள் இருந்த புரதம்

கையெழுத்தும் கோணல், எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எடுபிடி வேலை எனக்கு. ஒருநாள் வெளிநாட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் சின்னக் குப்பி ஒன்று வந்தது. அதைப் பிரித்த ஆராய்ச்சி மேடத்திடம், "என்னங்க மேடம் இது?" என்று கேட்டேன்.

"வெயில் பட்டு செல்லுல டிஎன்ஏ கெட்டுப்போனா சரிபண்ற புரதம்ணே. மனுஷ உடம்புல இருக்கறதுதான், பாக்டீரியாவுல தயாரிச்சிருக்காங்க."

என் சின்ன மகளுக்கு வெயில் பட்டால் முகமெல்லாம் புண். வெயில் கெடுத்ததைச் சரிசெய்ய அவள் உடம்பில் ஏதோ இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூச்சத்தை விட்டு மேடத்திடம் அதைச் சொல்லி, "அவளுக்கு ஒரு சொட்டு கொடுக்கலாங்களா?" என்றேன்.

"இது மருந்து இல்லண்ணே, ஆராய்ச்சிக்கு மட்டும்தான்." பிறகு மெதுவாக, "சொந்தத்துல கட்டுனீங்களா?" என்றார்.

"அக்கா மகதாங்க."

"ஒரே குறை ரெண்டு பேர்கிட்டயும் மறைஞ்சிருந்தா பிள்ளைக்கு வரலாம். சொந்தத்துல அதுக்கு வாய்ப்பு ஜாஸ்திண்ணே."

அந்த மாதமே அக்கா தன் மகனுக்கு என் மூத்தவளைக் கேட்டு வந்தாள். அவள் முன்னால் வாயே திறக்காத நான், "வேணாம்க்கா" என்றேன்.

"என் ரத்தம் உனக்குக் கசக்குதாடா?"

காப்பியைத் தொடாமல் போனாள். என் மனைவி தன் தாய் போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து என்னோடு அவளுக்கும் பேச்சு குறைந்துவிட்டது. செய்தது சரிதான் என்று தெரிகிறது. ஆனாலும் மனம் ஆறவில்லை. அக்கா இன்னும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

இதை எழுதி முடித்தது, ஆடிப் பதினெட்டு.