சாக்கெட்டில் நிற்காத போல்ட்

1. பத்து நிமிட வேலை

"சாவிய ஆஃப் பண்ணு! ஆஃப் பண்ணு!" என்று கஜேந்திரன் கத்தியபோது நான் பக்கத்து வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். வெளியே வருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

கஜாவும் நானும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். பிறகு மேனாம்பேட்டில் கூட்டாகச் சேர்ந்து கார் ஒர்க்‌ஷாப் போட்டோம். இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போல்ட் போட வேண்டுமென்றால் கஜாதான். தடவிப் பார்த்தே போல்ட் ஏறும் மரையைப் பிடித்துவிடுவான்.

அன்று வண்டி கொண்டுவந்தவர் ஆரோக்கியசாமி சார். ஆவடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருநின்றவூரில் வீடு கட்டிக் குடிபோனவர்.

"ஏசி போட்டா முன்னாடி கடகடன்னு சத்தம் வருது தம்பி" என்றார்.

ஏசி கம்ப்ரசரின் கீழ் போல்ட் வழியில் எங்கோ கழன்று விழுந்திருந்தது. "பத்து நிமிஷ வேல சார். உள்ளயே குந்துங்க" என்றான் கஜா. சின்ன வேலைதானே என்று பேட்டரி வயரைக் கழற்றவில்லை. அந்தக் காலத்தில் யாரும் கழற்றுவதில்லை.

நீளமான எக்ஸ்டென்ஷன் ராடின் முனையில் போல்ட் தலையைக் கவ்வும் சாக்கெட், அதற்குள் புது போல்ட். தலைகீழாக இறக்கினான். எங்கள் சாக்கெட் புழங்கிப் புழங்கித் தேய்ந்தது. போல்ட் தலை அதில் ஆடும். வழக்கமாக மறுபக்கம் ஒரு விரலை விட்டுத் தாங்கிக்கொள்வான். அன்று நழுவி, ரேடியேட்டர் ஃபேன் கூட்டுக்குள் போய் விழுந்தது. எடுப்பதற்காகக் கையை உள்ளே விட்டான்.

வண்டிக்குள் ஒரே புழுக்கம். கண்ணாடியை இறக்கலாம் என்று சார் சாவியைத் திருப்பினார். இன்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை, வெறும் சாவிதான். ஆனால் ஓடிவந்த இன்ஜின் சூடு ஆறவில்லை. கரண்ட் கிடைத்ததும் ஃபேன் தானாகச் சுற்றிவிட்டது.

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேல்கணுவோடு போயின. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் கஜாவின் கையைத் துண்டோடு சேர்த்துப் பிடித்திருந்தவர் சார்தான். "மாதாவே, நான் என்ன செஞ்சுட்டேன்" என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

2. காகிதம்

காயம் ஆறி வந்த முதல் நாள், கஜா ஒரு சாதாரண போல்ட்டை எடுத்து மரையில் வைக்கப் பார்த்தான். விழுந்தது. குனிந்து எடுத்தான். மறுபடியும் விழுந்தது. எடுத்துச் சுவரில் வீசினான்.

"ஒரு போல்ட்ட புடிக்க முடியல மச்சான். நான் இன்னா மெக்கானிக்கு?"

அதன் பிறகுதான், விரல் தாங்காவிட்டால் சாக்கெட்டே தாங்க வேண்டும் என்று பிடிவாதமாக இறங்கினோம். கிரீஸ் தடவிப் பார்த்தோம். சின்ன போல்ட்டுக்குச் சரி. கனமான போல்ட் என்றால் சூட்டில் கிரீஸ் இளகி வழுக்கியது. காந்தம் வைத்த சாக்கெட் வாங்கினோம். போல்ட் போகிற வழியில் இருக்கிற இரும்பிலெல்லாம் போய் ஒட்டிக்கொண்டது. பித்தளை நட்டை அது தொடவே இல்லை.

கடைசியில் கைகொடுத்தது பழைய பேப்பர். விரலகலம் கிழித்து சாக்கெட் வாய் மேல் வைத்து, போல்ட் தலையை அதோடு சேர்த்து அழுத்திவிட வேண்டும். சந்தில் காகிதம் சிக்கி இறுக்கிப் பிடிக்கும். ஒரு மடிப்பு போதாவிட்டால் இரண்டு. உதறிப் பார்த்தாலும் விழக் கூடாது. இறக்கியதும் உடனே முறுக்காமல், முதலில் இடது பக்கமாக மெல்லத் திருப்புங்கள். 'டிக்'கென்று ஒரு சின்ன இறக்கம் ராடு வழியாகக் கைக்குத் தெரியும். மரை சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் வலது பக்கம் முறுக்கலாம்.

கஜா அதை இடது கையால் பழகினான். பழைய வேகம் வரவில்லை. வேலை வந்தது.

3. வாசல்

ஆரோக்கியசாமி சார் காரை விற்றுவிட்டார். அதன் பிறகு ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து நடந்து, ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்பார். கையில் பழமோ பிஸ்கட்டோ இருக்கும்.

"கஜா இருக்காரா தம்பி?"

அவர் குரல் கேட்டதும் கஜா பின்பக்கம் போய்விடுவான். நான் எதையாவது சொல்லி அனுப்புவேன். "பரவாயில்ல, வேலையப் பாக்கட்டும். கை எப்படி இருக்கு?" என்று கேட்டு, தன் பழைய வேலை, பேரன் படிப்பு என்று என்னிடம் கொஞ்சம் பேசிவிட்டுத் திரும்பிவிடுவார். அடுத்த வாரமும் வருவார்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "வயசானவருடா. ஒரு வார்த்த பேசினா இன்னா?" என்றேன்.

கஜா ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அவரு மேல கோவம்லாம் இல்ல மச்சான். தெரியாம பண்ணதுதான். ஆனா என்னப் பாத்தா அழுவாரு. நான் ஆறுதல் சொல்லணும். வெரலு போனது எனக்கு. நான் ஏன் ஆறுதல் சொல்லணும்?"

அடுத்த வாரமும் நானே எதையோ சொல்லி அவரை அனுப்பினேன்.

மழைக்காலம் முடிந்த சமயம், கம்ப்ரசர் போல்ட் ஒன்றை முதல் தடவையிலேயே இடது கையால் பூட்டிவிட்டு அவனே சொன்னான். "அடுத்த வாட்டி வந்தா உள்ள கூட்டியா. ஒரு டீ குடுத்து அனுப்பலாம்."

அந்த வாரம் சார் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பிறகு அவர் மகன் எனக்கு போன் செய்தார். நெஞ்சுவலி. அடக்கமும் முடிந்துவிட்டது.

4. திருநின்றவூர்

நாங்கள் இருவரும் போனோம். ஏரிப் பக்கம் சின்ன வீடு. கதவைத் திறந்த சாரின் மனைவி கஜாவின் கையைப் பார்த்ததுமே யாரென்று கண்டுகொண்டார்.

"கஜாதானே? வாப்பா, உள்ள வா. உன்னப் பத்திப் பேசாத நாளே கிடையாது. ஒவ்வொரு தடவையும் வந்து சொல்வாரு. 'கஜா இன்னிக்கு நல்லா பேசினான், கை தேறிட்டு வருது, என் மேல வருத்தமே இல்லன்னுட்டான்'னு. மொதல்ல ராத்திரி தூங்கவே மாட்டாருப்பா. நீ பேச ஆரம்பிச்ச பொறவுதான் நான் நிம்மதியா இருந்தேன். நீ நல்லா இருக்கணும்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கஜா அந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்தான். பிறகு, "ஆமாம்மா. நெறைய பேசுவோம்" என்றான். அந்த அம்மா இன்னும் கேட்டார். பேசியதாக ஒவ்வொன்றையும் அவன் சொன்னான். சார் வேலை பார்த்த கதை, பேரன் படிப்பு, என்னிடம் வாசலில் நின்று சார் பேசியதையெல்லாம் தன்னிடம் பேசியதாகவே சொன்னான். பின்பக்கத்தில் நின்று அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

திரும்பும்போது பைக்கை ஏரிக்கரையில் நிறுத்தச் சொன்னான். இறங்கிப் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: இன்ஜினில் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், சாவியை வாங்கி உங்கள் பாக்கெட்டில் போடுங்கள். போல்ட் விழுந்தால் விழட்டும், அவசரப்பட்டுக் கையை விடாதீர்கள். இவ்வளவும் தொழில். இன்னொன்றும் உண்டு. உங்களைத் தேடி ஒருவர் வந்து நின்றால், மனசு ஆறட்டும் என்று நாள் தள்ளாதீர்கள். கஜாவின் மனசு ஆறத்தான் செய்தது. அதற்குள் அந்த மனிதர் வருவது நின்றுவிட்டது.