பத்துத் துண்டு பாண்

அசனார் யூதர்களின் பெருநாட்களைத் தரையை வைத்துத்தான் அறிவார். கதிரைக் கால்களில் தேன் ஒட்டியிருந்தால் வருடப் பிறப்பு. சின்னதுகள் அப்பிளைத் தேனில் தொட்டுத் தின்றிருக்கின்றன. கம்பளத்தில் இலைச் சருகு கிடந்தால் முற்றத்தில் குடில் போடும் பெருநாள். மேசையெல்லாம் டோனட் சீனி என்றால் விளக்குப் பெருநாள். வேஷம் கட்டும் பெருநாளின் மினுக்கம் மூன்று மாதமானாலும் போகாது. எல்லாவற்றுக்கும் மேலே பஸ்கா. அதற்குத் தரையில் ஒன்றுமே இருக்கக் கூடாது.

வந்து குடியேறிய வெளிநாட்டு நகரத்தில், கோல்பீல்ட் பக்கம் உள்ள ஒரு யூத முன்பள்ளியை அவர் ஏழு வருடமாகக் கூட்டித் துடைக்கிறார். காலை ஐந்தரைக்குப் போனால் எட்டரைக்கு முடியும். வீடு இருக்கும் டண்டினொங்குக்கு நேர் ரயில். பத்து மணிக்கு முன் வீட்டில் நிற்கலாம். அவருக்கு வேண்டியது அதுதான். மனைவி பரீனாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருடம். திங்கள், புதன், வெள்ளி பத்தரைக்கு ஆஸ்பத்திரியில் மெஷினோடு படுக்க வேண்டும். படுத்து எழும்பினால் கால் நிற்காது, தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். பிள்ளைகள் இல்லை. இந்த வேலை போனால் அந்த ஆளும் இல்லை.

பஸ்கா எட்டு நாளும் பாண் போலப் புளித்த மாவில் ஒரு பொடிகூட இருக்கக் கூடாது என்பது யூதர் சட்டம். அசனார் ஒவ்வொரு புத்தகத்தையும் கவிழ்த்துத் தட்டுவார். விளையாட்டுக் கார்களின் சில்லுகளைப் பல் துலக்கும் பிரஷால் கிண்டுவார். பிள்ளைகள் உருட்டி விளையாடும் களியும் கோதுமை மாதான், அதையும் அள்ளி எறிவார். இவரைப் போலத் துடைக்க எங்கள் ஆட்களிலேயே ஆள் இல்லை என்று தலைமை ஆசிரியை தவோரா ஊரெல்லாம் சொல்லுவார்.

இந்த வருடம், பெருநாளுக்கு மூன்று நாள் முந்தி, ஒரு புதன்கிழமை விடியற்காலை. மணிக்கூட்டுக்குப் பின்னால் கடதாசியில் சுற்றிய பாண் துண்டு ஒன்று இருந்தது. மெத்தைக்கு அடியில் இன்னொன்று. தன்னை வேலைக்கு வைத்திருக்கும் துப்புரவுக் கம்பனிக்காரர்களின் வேலை இது என்று அசனார் நினைத்தார். வேலைக்காரன் ஒழுங்காகத் துடைக்கிறானா என்று பார்க்க அலுமாரிக்குக் கீழே எதையாவது ஒளித்து வைத்துவிட்டுப் போகிறவர்கள் அவர்கள். வைத்துப் பாரடா என்று மூலை முடுக்கெல்லாம் தேடினார். பத்துத் துண்டு அகப்பட்டது.

பாணைக் குப்பையில் போட அவருக்குக் கை வராது. தின்னும் பொருளைக் குப்பையில் போடுவது முஸ்லிம்களான அவர்கள் வீட்டில் பாவம். பள்ளி முற்றத்திலும் போட முடியாது, பொடி விழுந்துவிடும். தெருவுக்கு அந்தப் பக்கம் போய், மரத்தடியில் குந்தி, பிய்த்துப் பிய்த்துக் குருவிகளுக்குப் போட்டார். பிறகு ரயிலேறி வீட்டுக்கு வந்து பரீனாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே கட்டிலருகில் இருக்கும்போது இந்திரகுமார் போன் பண்ணினான். பள்ளி வாசலில் நிற்கும் காவலாளி, யாழ்ப்பாணத்துப் பொடியன், அசனாரை அண்ணன் முறையில் நானா என்பான். நகரத்தில் யூதர்களின் இடங்களைத் தாக்கிய சங்கதிகளுக்குப் பிறகு யூதப் பள்ளி எதுவும் காவல் இல்லாமல் கதவு திறப்பதில்லை.

“நானா, காலமை மரத்தடியில என்ன வைச்சனீங்கள்?”

“பாண், தம்பி. உள்ள கிடந்திச்சு. குருவிக்குப் போட்டன்.”

அவன் நடந்ததைச் சொன்னான். பாணை ஒளித்தது கம்பனி இல்லை. பத்துத் துண்டை ஒளித்து வைத்து, விளக்கை அணைத்து, பிள்ளைகள் டோர்ச்சும் இறகும் மரக்கரண்டியுமாகத் தேடி எடுப்பதுதான் அந்தப் பெருநாளின் கூத்து. மற்ற வருடங்களில் அசனார் போன பிறகு ஒளிப்பார்கள். இந்த முறை புதிதாக வந்த ஆசிரியை யாயெல் முதல் நாள் பின்னேரமே ஒளித்துவிட்டாள். பிள்ளைகள் முக்கால் மணி நேரம் தேடி, ஒன்றும் கிடைக்காமல் அழத் தொடங்கிவிட்டன. அப்போதுதான் கமராவைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு ஆள் இருட்டில் சின்னச் சின்னப் பொதிகளைச் சேர்க்கிறான், தெருவைக் கடக்கிறான், பள்ளிக்கு நேரே மரத்தடியில் குந்தி ஏதோ செய்கிறான். பொலீஸ் வந்து கயிறு கட்டி, பிள்ளைகளைப் பின்வாசலால் வெளியேற்றியது.

“என்ன எடுத்தவனுகள்?”

“பாண் தூள்.” அவன் சிரிக்கவில்லை. “நான் ரிப்போர்ட்டில எழுதாமல் விட ஏலாது நானா. பேரும் கேட்டவங்கள்.”

“எழுது.”

“உங்கட பேர் வேற பேரா இருந்திருந்தா சிரிச்சுப்போட்டு விட்டிருப்பாங்கள்.”

அசனார் போனை வைத்தார். பரீனா கண்ணை மூடியபடி யாரென்று கேட்டாள். இந்திரகுமார், சும்மா எடுத்தான் என்றார்.

மறுநாள் தவோரா அவரைப் பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் இருத்தி, தானும் ஒன்றில் இருந்து, நடந்ததைக் கேட்டார். தெரிந்த இங்கிலீஷில் அசனார் சொன்னார். தவோரா சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். பிழை தங்களுடையது, உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றார். ஆனால் கமராவில் பதிந்த படத்தை ஒரு தகப்பன் போனில் பிடித்து மற்றப் பெற்றாருக்கெல்லாம் அனுப்பிவிட்டார். அந்தத் தகப்பனுடைய வீட்டுச் சுவரில் போன மாதம் யாரோ மிரட்டி எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்; அந்த மனுசன் ஒழுங்காக நித்திரை கொண்டு கனகாலம். அசனார் இனிப் பள்ளிக்கு வரக் கூடாது என்று பதினொரு குடும்பம் கையெழுத்து வைத்திருந்தது. தவோரா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். பயந்தவனுக்குப் பாணைக் காட்டி என்ன பிரயோசனம்?

வெள்ளிக்கிழமை கம்பனி சூப்பர்வைசர் பிரசன்னா கூப்பிட்டான். சென்னைக்காரன், கெட்டவன் இல்லை.

“அண்ணே, அந்த ஸ்கூல் மேடம் உங்களுக்காக என்கிட்ட அரை மணி நேரம் சண்டை போட்டாங்க. கம்ப்ளைன்ட் பதிவாயிடுச்சு, இனிமே உங்கள அங்க அனுப்ப முடியாது, நான் என்ன பண்ணட்டும்? ட்ருகனினாவுல ஒரு வேர்ஹவுஸ் இருக்கு. காலையில ஆறுல இருந்து மூணு. அது வேணாம்னா இப்போதைக்கு என்கிட்ட வேற இல்ல.”

ட்ருகனினா நகரத்தின் மறு அந்தம். போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி.

பரீனாவிடம் சொன்னபோது அவள் மருந்துகளைக் கிழமைப்படி பெட்டியில் பிரித்துக்கொண்டிருந்தாள். வேலை நின்றால் வீட்டு வாடகையும் நிற்குமா என்று கேட்டாள். நிற்காது.

“அப்ப போங்க. ஆஸ்பத்திரி வேன் வரும்தானே. நான் போவன்.”

திங்கட்கிழமை அவள் தனியாகப் போனாள். வேர்ஹவுஸில் போனைக் கையில் வைத்திருக்க விடமாட்டார்கள், லொக்கரில் பூட்ட வேண்டும். மூன்று மணிக்குத் திறந்தபோது ஒரே நம்பரில் இருந்து ஐந்து அழைப்பு. திருப்பி எடுத்தார்; பேசியது ஆஸ்பத்திரி நர்ஸ். உங்கள் மனைவி வெளியே வரும்போது படியில் விழுந்துவிட்டார், இடுப்பைப் படம் எடுக்கப் போகிறோம் என்றாள். பிறகு போனைப் பரீனாவிடம் கொடுத்தாள்.

“விழல்லங்க. சும்மா குந்திட்டன்,” என்றாள். மூச்சு வாங்கியது. “நீங்க அவசரப்படாம வாங்க.”

அசனார் வாறன் என்றார். பஸ் தரிப்பிடத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருந்தது.