முகத்துவாரக்குப்பத்தில் தண்ணீர் மட்டும் இடம் மாறிய படம்

புரட்டாசி முடிந்த மறுநாள், சனிக்கிழமை, முகத்துவாரக்குப்பம் போய் வந்தேன். என் பேத்தி மோனிஷா அங்கே மீன் கடைச் சுவரில் படம் வரைந்திருந்தாள். ஓவியக் கல்லூரியில் படித்தவள். எங்கள் வியாசர்பாடி குடியிருப்பில் அந்தப் படிப்பு அவள் ஒருத்திதான் (இதை நான் சொல்லாமல் யார் சொல்வது?). நான் ஐந்தாம் வகுப்பு. ஓவியம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், வழி கேளுங்கள்.

அவளோடு சேர்ந்து வரைகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் காசிமேட்டில் படகுகளுக்குப் பேர் எழுதுகிறார். இன்னொருவர் பச்சை குத்தும் கடையில் இருக்கிறார். வேலை இல்லாத நாளில்தான் சுவர். இந்தச் சுவர் மோனிஷா தனியாக வரைந்தது. ஒரு கண்காட்சிக்கு ஆள் எடுக்கிறவர்கள் திங்கட்கிழமை நேரில் வந்து பார்ப்பதாக இருந்தார்கள். பிடித்துவிட்டால் முதல் தடவையாக அவள் பேரில் அங்கே படம் தொங்கும்.

பேசின் பிரிட்ஜில் காலை 7.10க்கு கும்மிடிப்பூண்டி ரயில். வலது பக்கம் உட்காராதீர்கள், முகத்தில் வெயில் அடிக்கும். எண்ணூரில் இறங்கினால் ஆட்டோ நிற்கும்.

“இன்னா ஆயா, மீனு வாங்கவா? நாளிக்கு வா, நல்லதா கெடைக்கும்.”

“படம் பாக்கப் போறன்பா.”

“அந்தக் கறுப்புத் தண்ணி படமா? அங்க காலைலேர்ந்து ஒரே பேஜாரா கீது. எம்பது குடு, ஏறு.”

சுவரில் கழிமுகம் இருந்தது. தண்ணீர் சாம்பல் கலந்த கறுப்பு. பின்னால் சாம்பல் கொட்டுகிற கம்பெனிகளின் புகைபோக்கிகள், நடுவில் கூடையோடு ஒரு பெண். அந்தப் பெண்ணே சுண்ணாம்பு வாளியோடு சுவர் முன்னால் நின்றிருந்தார். பேர் தேசம்மா. பல வருஷமாக அந்தச் சுவரடியில் மீன் விற்கிறவர்.

“பொய்யா வரைஞ்சேன்? தண்ணி இப்டித்தான கீது அத்தே?” என்றாள் மோனிஷா.

“யாரு இல்லன்னா? நாளிக்கு ஞாயித்துக்கெழம. ஒரு மாசம் கவுச்சி துன்னாதவன்லாம் வருவான். இத்தப் பாத்துட்டு என் இறாவ எவன் வாங்குவான்? நாங்க உன் பெயின்ட்ட துன்றதா?”

“உன்னத்தான் நடுவுல வரைஞ்சி கீறேன்.”

“அதாம்மே இன்னும் பேஜாரு. என் மூஞ்சிய இட்டாந்து கலீஜ் தண்ணில நிக்க வெச்சிக்கினு கீற.”

மற்ற மீன்காரப் பெண்கள் சிரித்தார்கள். படம் நன்றாகத்தான் இருந்தது. அந்த அம்மாள் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது.

மோனிஷா வாளியை வாங்கி அவளே அடிக்க ஆரம்பித்தாள். புகைபோக்கி போனது, தண்ணீர் போனது. தூரிகை முகத்துக்கு வந்தபோது தேசம்மா அவள் கையைப் பிடித்தார்.

“இரு. இது கெடக்கட்டும். நீ வா என்கூட.”

தெருக்கோடியில் அவர் வீடு. பின்பக்கச் சுவர், லாரிகள் போகிற ரோட்டைப் பார்த்து நிற்கிறது.

“இங்க போடு. மீனு வாங்க வர்றவன் இந்தாண்ட வரமாட்டான். கம்பெனி ஆபீசருங்க காரு தெனமும் இப்டித்தான் போவுது. அவங்க பாக்கட்டும்.”

“தண்ணி மட்டுமா அத்தே?”

“மூஞ்சியும் போடு. பெர்சா போடு.”

அன்றைக்கே ஆரம்பித்தாள். நண்பர்கள் இரண்டு பேரும் வந்து கைகொடுத்து, ஞாயிறு சாயங்காலம் முடித்தார்கள். திங்கட்கிழமை வந்தவர்கள் இரண்டு சுவரையும் பார்த்துவிட்டுப் போனார்களாம். இன்னும் பதில் இல்லை.

நீங்கள் போவதானால் வெயில் ஏறும் முன் போங்கள். மீன் கடைச் சுவரில் தண்ணீர் கிடையாது, வெள்ளையில் ஒரு பெண் கூடையோடு நிற்பார். அவருக்குக் கீழேயே அவர் உட்கார்ந்திருப்பார். படம் பார்க்க வந்தோம் என்று எடுத்ததும் சொல்லாதீர்கள். அரைக் கிலோ இறா வாங்குங்கள். நானும் வாங்கி வந்து தொக்கு செய்தேன், நன்றாகவே இருந்தது. வாங்கிவிட்டால் அடுத்த சுவருக்குத் தேசம்மாவே கூட்டிப் போவார்.